மக்கர் செய்யும் மவுஸ்: அறிகுறி பார்த்து வீட்டிலேயே சரிசெய்யும் வழி

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து டி.டி.பி. வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ், பள்ளிக் கேள்வித்தாள், கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் இந்த மேசையிலிருந்துதான் அச்சுக்குப் போகின்றன. நாள் முழுக்க வலது கை மவுஸின் மேல்தான் இருக்கும். அதனால் மவுஸில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை என் கைக்கு வந்துவிட்டன. தெருவில் யார் வீட்டு மவுஸ் நின்றாலும் அதுவும் ஒரு மஞ்சள் பையில் வந்து சேர்ந்துவிடும். வருகிறவர்களில் பலர் புது மவுஸுக்கான பணத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் வருவார்கள். பல நேரம் அந்தப் பணம் அப்படியே வீடு திரும்பிவிடும்.

உங்கள் மவுஸ் என்ன செய்கிறது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாததை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். தாண்டியவர்கள்தான் புது மவுஸை வாங்கி வந்து, அதே கோளாறு மறுபடி வருவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை

மவுஸைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். பக்கத்து வீட்டு லேப்டாப் போதும். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு மவுஸில் இல்லை. உங்கள் கணினியிலோ, அதன் யுஎஸ்பி துளையிலோ, மேசையிலோ இருக்கிறது. அங்கேயும் அதே சண்டித்தனம் செய்தால் கோளாறு மவுஸுக்குள்தான். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம்.

மவுஸ் இல்லாமல் கணினியை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே எக்ஸ் தட்டுங்கள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு யு, அதன் பிறகு ஆர் தட்டினால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். ஆருக்குப் பதில் மறுபடி யு தட்டினால் அணைந்துவிடும். திறந்திருக்கும் வேலையை கன்ட்ரோல், எஸ் தட்டிச் சேமித்த பிறகே இதைச் செய்யுங்கள். மவுஸ் நின்ற பதற்றத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, அரை நாள் வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் (Num Lock) மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு கேள்வி வரும், என்டர் தட்டுங்கள். அதன் பிறகு விசைப்பலகையின் வலப்பக்கத்து எண்களே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. 5 தட்டினால் கிளிக். மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் ஒரு கோப்பைச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பிவிட இது போதும்.

அறிகுறி 1: மவுஸ் அசையவே இல்லை

வயர் மவுஸ் என்றால்

அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

எரியவில்லை என்றால், கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு சின்ன வயரில்தான் தொங்குகின்றன. நாலு முறை பென்டிரைவை இழுத்துப் பிடுங்கினால் அந்த வயர் தளர்ந்துவிடும். ஒரு துளையைப் பலவாக்கும் யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் ஹப்பைத் தவிர்த்து நேராகச் செருகுங்கள். துளைக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் கணினியை அணைத்துவிட்டு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊசி, ஹேர்பின் போன்ற உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

எல்லாத் துளையிலும் விளக்கு எரியாமல், அடுத்த வீட்டுக் கணினியிலும் எரியவில்லை என்றால் வயரைப் பாருங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் வயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்து. மவுஸைச் செருகியபடியே அந்தக் கழுத்தை விரலால் மெல்ல வளைத்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஒரு கோணத்தில் விளக்கு கண் சிமிட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மேசைக்குப் பின்னால் போகும் பகுதியையும் முழுக்கத் தடவிப் பாருங்கள். எலி கடித்த வயரை இரண்டு வீடுகளில் நானே கண்டெடுத்திருக்கிறேன். சாலிடரிங் தெரிந்தவர் கழுத்தருகே இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்துத் தருவார். உள்ளே நாலு மெல்லிய கம்பிகள்தான். வெட்டுவதற்கு முன் எந்த நிறம் எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறங்கள் எல்லா மவுஸிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

விளக்கு எரிகிறது, அம்புக்குறி மட்டும் நகரவில்லை என்றால், கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் விசையும் எக்ஸும் தட்டி, எம் தட்டுங்கள். டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப் விசையாலும் அம்பு விசைகளாலும் மவுஸ் பட்டியலுக்குப் போய், வலது அம்பைத் தட்டி அதை விரித்து, அதில் உள்ள மவுஸைத் தேர்ந்தெடுத்து டெலிட் தட்டி நீக்குங்கள். பிறகு மவுஸைக் கழற்றி மறுபடி செருகினால் விண்டோஸ் அதைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும்.

வயர்லெஸ் மவுஸ் என்றால்

அடியில் உள்ள ஆன், ஆஃப் சுவிட்சைப் பாருங்கள். பைக்குள் போய் வந்த மவுஸில் அது தானாகத் தள்ளப்பட்டிருக்கும். புது மவுஸாக இருந்தால் பேட்டரி மூடிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று இருக்கும். அதை இழுத்து எடுக்காமல் "பழுதான மவுஸைத் தந்துவிட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பியவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அடியில் விளக்கு தெரியவில்லை என்பதால் மவுஸ் செத்துவிட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். பல வயர்லெஸ் மவுஸ்களில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

அடுத்தது பேட்டரி. சுவர்க் கடிகாரத்திலிருந்தோ டிவி ரிமோட்டிலிருந்தோ எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு "பேட்டரி மாற்றிவிட்டேன், அப்போதும் ஓடவில்லை" என்பார்கள். அதுவும் பாதி தீர்ந்த பேட்டரிதான். ஒருமுறை புது ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மூடிக்குள் சுருள் கம்பியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் தேய்த்து, அடுத்த குச்சியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். கையை உடனே கழுவுங்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

ரிசீவர் எனப்படும், கணினியில் செருகும் அந்த நகம் அளவு துண்டு தொலைந்துவிட்டால், பெரும்பாலான மலிவு விலை மவுஸ்களில் அதோடு கதை முடிந்தது. வேறு மவுஸின் ரிசீவர் இதற்குப் பொருந்தாது. தேடுவதற்கு முன் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்; பல மவுஸ்களில் அதை வைக்க உள்ளேயே ஒரு பொந்து உண்டு.

அறிகுறி 2: அம்புக்குறி துள்ளுகிறது, நடுங்குகிறது, பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது

கோளாறு பெரும்பாலும் மவுஸுக்குக் கீழேதான் இருக்கும்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார். "ஏம்மா, இரண்டாவது மவுஸும் இப்படியே துள்ளுகிறதே, கணினியையே மாற்ற வேண்டுமா?" என்றார். போய்ப் பார்த்தேன். தேக்கு மேசை, மேலே முழு அளவுக் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஜலகண்டேஸ்வரர் படம், பேரனின் படம், பழைய ரயில் டிக்கெட், மின்கட்டண ரசீது. மவுஸ் அந்தக் கண்ணாடிமேல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தினசரி காலண்டரின் பழைய அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் மவுஸை வைத்தேன். துள்ளல் அந்தக் கணமே நின்றது. "இரண்டு மவுஸ் வாங்கினேனே என்று யாரிடம் சொல்வது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒன்றைப் பேரனுக்குக் கொடுங்கள் சார்" என்றேன்.

சாதாரண மவுஸ் தெளிவான கண்ணாடிமேல் ஓடாது. பளபளக்கும் சன்மைக்காவிலும் தடுமாறும். தேதியெல்லாம் கிழித்து முடித்த காலண்டர் அட்டையின் பின்பக்கம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அதைவிட நல்ல இலவச மவுஸ் பேட் கிடையாது. சாமி படம் உள்ள பளபளப்பான பக்கம் உதவாது. வட ஆற்காட்டு வீடுகளில் தோல் துண்டுக்கும் பஞ்சமில்லை. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் வேலை பார்க்கிற ஒருவர் சொந்தத்தில் இருப்பார். என் மேசையில் இருப்பது அப்படி வந்த ஒரு வெட்டுத்துண்டுதான். மெருகேற்றிய முகத்தைக் கீழே போட்டு, துணி போல மெத்தென்று இருக்கும் முகத்தை மேலே வைத்திருக்கிறேன்.

மேற்பரப்பு சரியாக இருந்தும் துள்ளினால், மவுஸைத் திருப்பி அடியில் உள்ள ஒளித்துளையைப் பாருங்கள். ஒரு கண் இமை முடி போதும், அம்புக்குறி தன்பாட்டுக்கு நடுங்க. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஊதும் பம்ப் இல்லாவிட்டால் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெல்லச் சுழற்றி எடுங்கள். எங்கள் ஊர் வெயிலில் இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை, வைகாசியில் வேர்க்குரு பவுடர் போடாத கழுத்து கிடையாது. அந்தப் பவுடர் கையோடு வந்து, வியர்வையில் குழைந்து, மவுஸின் அடிக்கால்களில் களிமண்போல் ஒட்டிக்கொள்ளும். மவுஸ் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ள, ஒளித்துளைக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள்.

மாலை நாலு மணிக்கு மட்டும் துள்ளுகிறதா? மேற்கு ஜன்னல் வெயில் மவுஸின் பக்கவாட்டில் நேராக விழுகிறதா என்று பாருங்கள். சில மவுஸ்கள் அந்த வெளிச்சத்தில் குழம்பும். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும்.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் டச்பேடின் அம்புக்குறி துள்ளுகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் ஒழுங்காகிறது என்றால் மவுஸை விட்டுவிடுங்கள். சந்தேகப்பட வேண்டியவை சார்ஜரும் வீட்டு எர்த்தும். கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி 3: வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடுகிறது

நீங்கள் கையை நகர்த்துகிறீர்கள்; அம்புக்குறி ஒரு மூச்சு தள்ளி நகர்கிறது. பேட்டரியை மாற்றியாகிவிட்டது, மவுஸுக்கு அடியில் அட்டையும் போட்டாகிவிட்டது என்றால் ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சிபியு மேசைக்கு அடியில், ரிசீவர் அதன் பின்பக்கத்தில், மேசையோ இரும்பு மேசை. மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் ஒரு முழு இரும்புத் தகடு நிற்கிறது. ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். லேப்டாப் என்றால் மவுஸ் இருக்கும் அதே பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள்.

பலருக்குத் தெரியாத காரணம் நீல நிற யுஎஸ்பி துளை. அது யுஎஸ்பி 3.0. அதில் ஹார்ட் டிஸ்க் போன்ற வேகமான சாதனம் ஓடும்போது கிளம்பும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்களை நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் திக்குகிறது என்றால் இதுதான் காரணம். ரிசீவரைக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். எல்லாமே நீலமாக இருந்தால் ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, அதன் முனையில் ரிசீவரைச் செருகி மவுஸ் பேடுக்கு அருகில் கொண்டுவந்து வையுங்கள். என் அனுபவத்தில் வயர்லெஸ் மவுஸுக்கு இதைவிடப் பலன் தந்த செலவு வேறில்லை. வைஃபை பெட்டி மேசைமேலேயே இருந்தால் அதையும் ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டபின் முதல் சில நொடிகள் மட்டும் அசையவில்லை என்றால் மவுஸ் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். ஒரு கிளிக் செய்தால் விழித்துக்கொள்ளும், பழுதில்லை. கிளிக் செய்தும் எழவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் விசையும் எக்ஸும், பிறகு எம்) யுஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி 4: ஒரு கிளிக் இரண்டு கிளிக்காகிறது, பிடித்து இழுத்தால் பாதியில் நழுவுகிறது

என் கைக்கு வருகிறவற்றில் அதிகம் இதுதான். என்னைப் போன்றவர்கள் வயிற்றில் அடிப்பதும் இதுதான். தை முகூர்த்த நேரத்தில் ஒரு அழைப்பிதழில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெயர்ப் பெட்டியைப் பிடித்து இழுக்கிறேன். அது பாதியில் கைநழுவி, பெண் வீட்டார் பெயர்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்து முறை இழுத்தால் மூன்று முறை அப்படி. பார்க்காமல் அச்சுக்குப் போயிருந்தால் இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

முதலில் உண்மையிலேயே மவுஸ்தானா என்று உறுதிப்படுத்துங்கள். கணினியில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து, 5 என்ற பொத்தானை மவுஸால் நிதானமாகப் பத்து முறை அழுத்துங்கள். எண்ணிப் பாருங்கள். பத்து ஐந்துகள் இருந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. ஒன்பதாக இருந்தாலும் அதே சுவிட்ச்தான்.

பத்துக்குப் பத்து சரி, ஆனாலும் கோப்புறைகள் ஒரே கிளிக்கில் திறந்துவிடுகின்றன என்றால் அது கணினியின் அமைப்பு. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஒற்றைக் கிளிக்கில் திற என்பது தேர்வாகியிருக்கும்; மாற்றிவிடுங்கள். இரட்டைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, வயதானவர்களின் விரலுக்கு வேகம் போதவில்லை என்றால், மவுஸ் அமைப்பில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சுவிட்ச்தான் என்று தெரிந்த பிறகு, அன்றைய வேலையை முடிக்க ஒரு வழி. மவுஸ் அமைப்பில் முதன்மைப் பொத்தான் இடது என்று இருப்பதை வலது என்று மாற்றுங்கள். வலது பொத்தான் இடது பொத்தானின் வேலையைச் செய்யும். வலது சுவிட்ச் அவ்வளவாக உழைத்திருக்காது என்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தத் தை மாதத்தை நான் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டு நாளில் விரல் பழகிவிட்டது.

அடுத்து, பில்லைத் தேடுங்கள். உத்தரவாத காலம் மிச்சமிருந்தால் திறக்கவே வேண்டாம். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். இப்போது தருகிற பில்கள் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாகின்றன. நம் ஊர் வெயிலில் மேசை டிராயரில் கிடந்தால் ஓராண்டுக்குள் வெற்றுத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

உத்தரவாதம் முடிந்துவிட்டது, நீங்களும் கைவேலை தெரிந்தவர் என்றால் திறக்கலாம். வயரைப் பிடுங்குங்கள், அல்லது பேட்டரியை எடுங்கள். ஸ்குரூ வெளியே தெரியாது. அடிக்கால் ஸ்டிக்கருக்கு அடியிலோ பெயர் ஒட்டிய தாளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். விரலால் அழுத்தித் தடவினால் ஓரிடம் பள்ளமாக உள்ளே போகும், அங்கேதான். அடிக்கால் ஸ்டிக்கரை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து, பசைப்பக்கம் தூசி படாமல் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி வையுங்கள். மேல்மூடியை முன்பக்கம் தள்ளித் தூக்கினால் கழன்று வரும்.

உள்ளே இடமும் வலமும் கறுப்புப் பெட்டி போன்ற இரண்டு சுவிட்சுகள் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் பெட்டியின் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுத்தால், நகப்பிறை அளவு செம்பு நிறத் தகடு ஒன்று வில்போல் வளைந்து நிற்கும். அதன் நுனி தொடுகிற இடம் கறுத்திருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். அந்தக் கறுப்புதான் ஒன்றை இரண்டாக்குகிறது. தகட்டை மறுபடி வளைத்துப் பூட்டினால் சில மாதம் ஓடும் என்பார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் தகடு ஒருமுறை துள்ளித் தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புள்ளித் தலையும் கூடவே ஓடிவிடும். உங்களை இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில், மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை (கான்டாக்ட் கிளீனர்) சுவிட்சின் தலையோரம் மிகக் கொஞ்சம் அடித்து, முப்பது நாற்பது முறை அழுத்திவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். சில வாரமோ சில மாதமோ தாங்கும்.

நிலையான தீர்வு சுவிட்சை மாற்றுவது. மொபைல் பழுது பார்க்கும் கடையில் சாலிடரிங் அயர்ன் இருக்கும். மூன்று கால்களைக் கழற்றி மூன்று கால்களைப் பற்றவைக்கும் வேலை. புது சுவிட்சின் விலை ஒரு டீ, வடைச் செலவு அளவில்தான் இருக்கும், கூலிதான் அதிகம். புது சுவிட்ச் கிடைக்காவிட்டால் ஒரு வழி: பல மவுஸ்களில் இடது, வலது இரண்டும் ஒரே வகைச் சுவிட்ச். இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தேய்ந்தது வலப்பக்கம் போய்விடும். அங்கே அதற்கு அதிக வேலை இல்லை.

எப்போது நிறுத்த வேண்டும்? கூலியும் சுவிட்சும் சேர்ந்து புது மவுஸின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். கைக்குப் பழகிய, விலை கூடிய மவுஸ் என்றால் மாற்றுங்கள். சாதாரண மவுஸ் என்றால் புதிது வாங்குங்கள்.

அறிகுறி 5: சக்கரம் ஒழுங்காக உருட்டவில்லை

கீழே உருட்டினால் பக்கம் மேலே ஏறி இறங்குகிறது என்றால் சக்கரத்தின் அச்சில் அழுக்கு. தலைமுடி சுற்றியிருக்கும், பவுடர் படிந்திருக்கும். வயரைக் கழற்றிவிட்டு, மவுஸைக் கவிழ்த்துப் பிடித்து, சக்கரத்தை இரு பக்கமும் வேகமாக ஐம்பது முறை உருட்டுங்கள். விழுகிற தூசியைப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அடுத்தது மூடியைத் திறந்து சக்கரத்தைத் தூக்கி, முடியைச் சாமணத்தால் எடுப்பது. அதற்கும் சரியாகாவிட்டால் சக்கரத்தின் பக்கத்தில் உள்ள சதுரப் பெட்டி தேய்ந்திருக்கிறது. மாற்றுவது மலிவு மவுஸுக்குக் கட்டுப்படியாகாது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, "அக்கா, சக்கரம் கிறீச்சிட்டது, ஒரே ஒரு சொட்டுதான் விட்டேன்" என்று கொண்டுவந்த மவுஸில், எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒளித்துளை வரை இறங்கியிருந்தது. ரப்பர் வளையம் ஊறிப் பெருத்துச் சக்கரத்தைவிட்டுக் கழன்றிருந்தது. அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்து பெரிதாகிச் சிறிதாகிறது என்றால் மவுஸில் தவறில்லை. விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை சிக்கியிருக்கிறது. இரண்டு கன்ட்ரோல் விசைகளையும் தட்டி விடுங்கள். வட்டத்துக்குள் அம்புகள் போட்ட குறி தோன்றிப் பக்கம் தானாக ஓடினால் சக்கரத்தை அழுத்திவிட்டீர்கள். இன்னொரு கிளிக் செய்தால் போய்விடும்.

அறிகுறி 6: அம்புக்குறி தானாக நகர்கிறது, யாரோ கிளிக் செய்வதுபோல் இருக்கிறது

பேய் பிடித்துவிட்டது, யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்துகொண்டு வருவார்கள். முதலில் மவுஸைக் கழற்றுங்கள்.

கழற்றியதும் நின்றுவிட்டால் கோளாறு மவுஸில். அறிகுறி 2-ல் சொன்னபடி ஒளித்துளையையும் மேற்பரப்பையும் பாருங்கள். வயர்லெஸ் மவுஸ் ஒன்றுக்கு இரண்டு வைத்திருக்கிறீர்களா? ஒன்று பள்ளிப் பையில் ஆனிலேயே கிடந்து, அதன் ரிசீவர் இன்னும் கணினியில் செருகியிருந்தால், பை அசையும்போதெல்லாம் அம்புக்குறியும் அசையும்.

கழற்றிய பிறகும் நகர்கிறது, லேப்டாப் என்றால் டச்பேடைத் துடையுங்கள். வியர்வை ஈரமே போதும். தட்டச்சு செய்யும்போது மட்டும் தாவினால் உள்ளங்கை படுகிறது. மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேடை அணைத்துவைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி நிற்கிறதா? அழுத்தினால் கிளிக் ஆகாமல் கெட்டியாக இருக்கிறதா? மூடினால் லேப்டாப் வாய் பிளந்தபடி நிற்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இங்கே நிறுத்துங்கள். உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். டச்பேடை அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். மெத்தைமேலிருந்தும் வெயில் படும் இடத்திலிருந்தும் எடுத்துச் சிமென்ட் தரையில் தனியாக வைத்து, அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மே மாதத்தில் கட்டிலின்மேல் மெத்தையோடு மெத்தையாக இரவெல்லாம் சார்ஜில் கிடந்த லேப்டாப்புகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மவுஸ் கோளாறு என்று வந்தவைதான் அவையும்.

மவுஸும் டச்பேடும் இரண்டும் நன்றாக இருந்து, அம்புக்குறி பொறுக்கிப் பொறுக்கி வங்கிப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் திறக்கிறது என்றால், இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அப்போது நின்றுவிட்டால் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஏதோ உள்ளே இருக்கிறது. "நாங்கள் சரிசெய்து தருகிறோம்" என்று யாரோ போனில் சொல்லி நிறுவச் செய்த செயலி எதுவும் இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். கணினியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை இணையத்தில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி 7: தொட்டால் சுர்ரென்கிறது

மவுஸ் பிளாஸ்டிக், அதைத் தொட்டு ஷாக் அடிப்பதில்லை. ஆனால் மவுஸைச் செருகப் போகும்போது சிபியு பெட்டியின் உலோகத்திலோ லேப்டாப்பின் உலோக ஓரத்திலோ விரல் பட்டுச் சுர்ரென்று எறும்பு கடித்ததுபோல் இருக்கும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் மூன்று துளை உள்ள, சுவரில் நேராக இருக்கும் பிளக் பாயிண்டுக்கு மாற்றுங்கள்.

மாற்றியும் சுர்ரென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் நீங்கள் கை வைக்க எதுவும் இல்லை. எர்த் சரியாக வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் குழி கத்திரி வெயிலில் வறண்டுபோகும். குழி எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் குழியின்மேல் யாரோ துளசி மாடம் கட்டிவிட்டிருந்தார்கள். தினமும் தண்ணீர் விழுந்ததால், இத்தனை வருடமும் எர்த் நன்றாக இருந்திருக்கிறது.